குத்தின் வேகம் காலில், வலி மட்டும் முழங்கையில்: இளம் குத்துச்சண்டையாளர்கள் அறிய வேண்டியவை

ஈப்போ: குத்து இலக்கில் பட்டால் வலி எதிராளிக்கு. குத்து தவறினால் வலி குத்தியவருக்கே. குத்துச்சண்டை பழகும் இளைஞர்கள் பலர் இந்த இரண்டாவது பாதியைத் தாமதமாகத்தான் தெரிந்துகொள்கிறார்கள். பையை மணிக்கணக்கில் குத்தியும் வராத வலி, காற்றில் வேகமாக விட்ட ஒரே குத்தில் முழங்கையின் பின்புறத்தில் சுரீரென்று வந்துவிடும்.

ஈப்போ நகரத்து உடற்பயிற்சிக் கூடத்தில் பழகுபவராக இருந்தாலும் சரி, சுங்கை சிப்புட், தாப்பா, பீடோர், தெலுக் இந்தான் வட்டாரங்களில் பழைய பால்மரத் தோட்டம் இருந்த இடத்தில் வீட்டுக்குப் பின்னால் ஒரு பையைக் கட்டித் தொங்கவிட்டுப் பழகுபவராக இருந்தாலும் சரி, எல்லாருக்கும் இருக்கும் ஆசை ஒன்றுதான். கை இன்னும் வேகமாகப் போக வேண்டும். அந்த ஆசையில் தவறில்லை. அதற்காக முழங்கையை மட்டும் வருத்துவதுதான் தவறு.

இவர்களில் பலருக்குக் கைதான் பிழைப்பு. செம்பனைக் குலை வெட்டுகிறவர், கிடங்கில் சுமை தூக்குகிறவர், மோட்டார் சைக்கிளில் உணவு கொண்டு சேர்க்கிறவர், தொழிற்சாலையில் இயந்திரத்தின் முன் நிற்கிறவர் என யாராக இருந்தாலும், முழங்கை போனால் போட்டியோடு சேர்ந்து மறுநாள் சம்பளமும் போகும். பயிற்சியைத் தொடங்குவதற்கு முன்பே முழங்கையைப் பற்றித் தெரிந்துகொள்வது அதனால்தான் அவசியமாகிறது.

முழங்கைக்கு என்ன நடக்கிறது?

முழங்கை ஒரு கதவுக் கீல் போன்றது. மேல்கை எலும்பு ஒன்றும், முன்கையின் இரண்டு எலும்புகளும் அங்கே சந்திக்கின்றன. கையை மடக்கினால் பின்புறத்தில் கூர்மையாகத் துருத்திக்கொண்டு தெரிவது முன்கை எலும்பின் மேல்முனை. கையை முழுவதுமாக நீட்டும்போது அந்த முனை, மேல்கை எலும்பின் பின்பக்கத்தில் உள்ள ஒரு குழிக்குள் போய் உட்காருகிறது. கை அதற்கு மேல் நீளாமல் தடுக்கும் பூட்டு அதுதான்.

மெதுவாக நீட்டினால் பூட்டு மெதுவாக விழும். குத்தும்போது மேல்கையின் பின்புறத் தசை கையை வேகமாக எறிகிறது. குத்து பையிலோ எதிராளியின் கையுறையிலோ பட்டால் அந்த வேகம் அங்கே அடங்கிவிடும். எதிலும் படாமல் போனால், அந்த வேகத்தை நிறுத்த வேண்டிய பொறுப்பு மேல்கையின் முன்புறத் தசைகளுக்கு வந்து சேரும். அவை பிரேக் போடத் தவறினால், எலும்பு முனை குழியில் போய் மோதும். கதவை ஓங்கிச் சாத்தினால் நிலை அதிர்வதைப் போல மூட்டு அதிரும்.

ஒருமுறை மோதினால் வீக்கமும் சில நாள் வலியும் இருக்கும். மாதக்கணக்கில் மோதிக்கொண்டே இருந்தால் குருத்தெலும்பு தேயும். எலும்பு முனையில் சிறு துருத்தல்கள் வளரும். சில வேளைகளில் எலும்புத் துணுக்கு உடைந்து மூட்டுக்குள் அலையும். கை பாதியில் சிக்கிக்கொண்டு நீளாமலும் மடங்காமலும் நிற்பது அப்படிப்பட்ட நிலையில்தான். குத்துச்சண்டையாளர் முழங்கை என்று மருத்துவர்கள் இந்தப் பாதிப்பைக் குறிப்பிடுவது உண்டு.

பெரிய வீரர்களும் இதற்கு விலக்கல்லர். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் தங்கம் வென்று, பின்னர் உலக ஹெவிவெயிட் பட்டத்தையும் பெற்ற பிரிட்டனின் ஆந்தனி ஜோஷுவா 2025இல் முழங்கையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டார். உலகத் தரப் பயிற்றுநர்களும் மருத்துவர்களும் உடன் இருந்த வீரருக்கே இந்த நிலை என்றால், கைப்பேசியில் காணொளி பார்த்துத் தனியாகப் பழகும் இளைஞர் எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

வேகம் எங்கிருந்து வருகிறது?

சோவியத் நாட்டு ஆய்வாளர்கள் 1985இல் வெளியிட்ட ஓர் ஆய்வு, குத்தின் பலம் உடலின் எந்தப் பகுதியிலிருந்து எவ்வளவு வருகிறது என்று கணக்கிட்டது. தேர்ந்த வீரர்களின் குத்தில் சுமார் 38 விழுக்காடு கால் தரையை உந்துவதிலிருந்து வந்தது. 37 விழுக்காடு இடுப்பும் உடலும் திரும்புவதிலிருந்து வந்தது. கையை நீட்டுவதன் பங்கு 24 விழுக்காடு மட்டுமே.

அனுபவம் குறைந்தவர்களிடம் கணக்கு தலைகீழாக இருந்தது. காலின் பங்கு சுமார் 17 விழுக்காட்டுக்கு இறங்கியது. கையின் பங்கு 38 விழுக்காட்டுக்கு ஏறியது. கால் செய்ய வேண்டிய வேலையைக் கற்றுக்குட்டியின் கை செய்கிறது என்பதே இதன் பொருள். வேகம் குறைவதும் முழங்கை அடிபடுவதும் ஒரே பிழையின் இரண்டு விளைவுகள். அந்தப் பிழையைத் திருத்தினால் இரண்டுமே சரியாகும்.

இது தோட்டத்து மக்களுக்குப் புதிய பாடம் அல்ல. பால்மரம் சீவுவதில் தேர்ந்தவர்கள் கத்தியைக் கையால் மட்டும் இழுத்ததில்லை. வெட்டின் சாய்வுக்கு ஏற்பக் கால் மரத்தைச் சுற்றி நகரும். இடுப்பு கூடவே திரும்பும். கை அந்த ஓட்டத்தைப் பின்தொடரும். விடியற்காலையில் நூற்றுக்கணக்கான மரங்களைச் சீவி முடிக்க வேண்டியவர் கையை மட்டும் நம்பியிருந்தால் பாதி நிரையிலேயே ஓய்ந்திருப்பார். குத்துக்கும் இதே வரிசைதான். பாதம் தரையை உந்த வேண்டும். அதன்பின் இடுப்பு, தோள், கடைசியாகக் கை.

வேகத்திற்கு இன்னொரு இரகசியம் தளர்வு. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்டூவர்ட் மெக்கில் குழுவினர், கலப்புத் தற்காப்புக் கலையில் தேர்ந்த வீரர்களின் தசைகளை ஆராய்ந்து 2010இல் முடிவுகளை வெளியிட்டனர். அடி புறப்படும்போது தசை ஒருமுறை இறுகுகிறது. பாதி வழியில் தளர்கிறது. இலக்கைத் தொடும் நொடியில் மறுபடி இறுகுகிறது. இடையில் வரும் அந்தத் தளர்வுதான் கையைப் பறக்க வைக்கிறது. தொடக்கம் முதல் முடிவு வரை பல்லைக் கடித்து, விரல்களை இறுக்கிப் பிடித்துக் குத்துபவர், பிரேக்கை மிதித்துக்கொண்டே எண்ணெயை முறுக்குபவரைப் போன்றவர்.

பலரும் செய்யும் பிழைகள்

முதல் பிழை, எட்டாத தூரத்திற்கு எட்டிக் குத்துவது. எதிராளி அரை அடி பின்வாங்கினால், காலை நகர்த்தாமல் கையை மட்டும் நீட்டி அவரைத் துரத்துகிறார்கள். கை பூட்டிக்கொள்ளும் இடம் அதுதான். எட்டவில்லை என்றால் ஓர் அடி முன்னால் வைக்க வேண்டும். அதற்கு நேரமில்லை என்றால் அந்தக் குத்தை விட்டுவிட வேண்டும். இந்தச் சிக்கல் அதிகம் வருவது முன்னால் நிற்கும் கையால் விடும் ஜேப்பில். ஒரு சுற்றில் அதிகமாக விடப்படுவதும், அதிகமாகத் தவறுவதும் அந்தக் குத்துதான்.

இரண்டாவது, முழங்கையை வெளிப்பக்கமாகத் தூக்கிவிடுவது. நேர்க்குத்தில் முழங்கை, விலாவை ஒட்டிப் புறப்பட்டு முட்டிக்கு நேர் பின்னால் வர வேண்டும். உள்ளங்கை கீழ்நோக்கித் திரும்புவது பாதையின் கடைசிப் பகுதியில்தான். தொடக்கத்திலேயே திருப்பினால் முழங்கை கோழி இறக்கை போல விரியும். அப்போது குத்து வளைந்து போவதோடு, மூட்டின் பக்கவாட்டுத் தசைநார்களும் இழுபடும்.

மூன்றாவது, கையில் டம்பெல்லைப் பிடித்துக்கொண்டு காற்றில் முழு வேகத்தில் குத்துவது. கனத்தோடு பழகினால் வெறுங்கை வேகமாகும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. டம்பெல்லின் எடை கையைக் கீழ்நோக்கி இழுக்கிறதே தவிர, குத்து போகும் திசையில் எந்தத் தடையையும் தருவதில்லை. குத்தின் முடிவில் அந்த எடை முழங்கையைப் பிடித்து முன்னால் இழுத்துவிடும். வேகம் கூடாது, மூட்டின் மீது விழும் அடிதான் கூடும்.

நான்காவது, நிழலோடு குத்தும் ஷேடோ பயிற்சியில் ஒவ்வொரு குத்தையும் முழு பலத்தோடு முழு நீளத்திற்கு விடுவது. அந்தப் பயிற்சியின் நோக்கம் கால் நகர்வும் வடிவமும். பலத்தைப் பையில் காட்டிக்கொள்ளலாம்.

ஐந்தாவது, மணல் மூட்டை. மணல் நாளடைவில் கீழே இறங்கிக் கல்லாக இறுகிவிடும். மேல்பாதி காலியாக இருக்கும். கீழ்பாதி சுவராக இருக்கும். வீட்டிலேயே பை தைப்பவர்கள் பழைய துணிகளைச் சிறு துண்டுகளாக வெட்டி, மேலிருந்து கீழ்வரை ஒரே சீராக அடைப்பது நல்லது.

பயிற்சியை எப்படி அமைப்பது?

முதல் 10 நிமிடம் உடலைச் சூடாக்க வேண்டும். கயிறு தாண்டுதல், தோள் சுழற்றுதல், முழங்கையையும் மணிக்கட்டையும் மெதுவாக மடக்கி நீட்டுதல் போதும். குளிர்ந்த கையோடு பைக்கு முன்னால் போய் நிற்கக் கூடாது.

அடுத்து கண்ணாடி முன் நின்று 2 அல்லது 3 சுற்று ஷேடோ பயிற்சி. முழு வேகத்தில் பத்துக்கு ஆறு, ஏழு பங்கு இருந்தால் போதுமானது. முழங்கை முழுதாகப் பூட்டுவதற்குச் சற்று முன்பே, இலேசான மடக்கம் இருக்கும்போதே குத்து முடிய வேண்டும். குத்தைக் கை நீளும் தூரமாகப் பார்க்காமல், போய்த் திரும்பும் ஒரு சுற்றாகப் பார்க்கப் பழக வேண்டும். போன வேகத்தைவிடத் திரும்பும் வேகம் அதிகமாக இருக்கட்டும். கையைத் திருப்பி இழுக்கும் தசைகள்தான் முழங்கைக்குப் பிரேக். அவை பழகிவிட்டால் குத்து தவறினாலும் மூட்டு தப்பிவிடும். அடுத்த குத்தும் சீக்கிரம் புறப்படும்.

வேகப் பயிற்சியை உடல் களைப்பதற்கு முன்பே செய்துவிட வேண்டும். பையிலோ பேடிலோ 6 முதல் 8 நொடி வரை முடிந்த அளவு வேகமாகக் குத்தி, ஒரு நிமிடம் ஓய்வு எடுக்க வேண்டும். இப்படி 5 அல்லது 6 முறை போதும். களைத்த பிறகு வேகமாகக் குத்த முயன்றால் வடிவம் கலையும்; முழங்கை விரியும். அமெச்சூர் போட்டி 3 நிமிடம் கொண்ட 3 சுற்றுகளில் முடிவதால், நீண்டநேரத் தாங்குதிறனைத் தனியாக, குறைந்த வேகத்தில் வளர்த்துக்கொள்ளலாம்.

வாரத்தில் 2 நாள் தசைப் பயிற்சி வேண்டும். டம்பெல்லுக்கு உரிய இடம் இதுதான். எடையைத் தூக்கிவிட்டு, இறக்கும்போது 3 அல்லது 4 நொடி எடுத்து மெதுவாக இறக்க வேண்டும். பிரேக் போடும் தசையை வளர்ப்பது அந்த மெதுவான இறக்கம். 10 முதல் 12 முறை வீதம் 3 தடவை செய்யலாம். கம்பியில் தொங்கி உடலை மேலே இழுக்கும் பயிற்சியும் இதற்கு உதவும். வீட்டிலிருக்கும் சுத்தியலின் பிடியைப் பற்றிக்கொண்டு, முன்கையை மெதுவாக இடமும் வலமும் திருப்புவது செலவில்லாத நல்ல பயிற்சி.

பயிற்றுநர் இல்லாதவர்கள் கைப்பேசியைக் கண்ணாகப் பயன்படுத்தலாம். பக்கவாட்டில் வைத்து, மெதுவோட்டத்தில் பதிவுசெய்து பார்த்தால் மூன்று விஷயங்கள் தெரிந்துவிடும். கை முழுதாகப் பூட்டுகிறதா? குத்து புறப்படும் முன் பின்காலின் குதிகால் திரும்புகிறதா? கை வந்த வழியிலேயே முகத்திற்குத் திரும்புகிறதா? இந்த மூன்றையும் வாரம் ஒருமுறை பார்த்துக்கொண்டாலே பாதிப் பிழை குறைந்துவிடும்.

குத்துகளின் எண்ணிக்கையைத் திடீரென்று இரட்டிப்பாக்கக் கூடாது. போட்டி நெருங்கும்போது பலர் செய்வது இதுதான். செம்பனைக் குலை வெட்டுகிறவரும் சுமை தூக்குகிறவரும் பகல் முழுவதும் செய்த வேலையையும் பயிற்சிக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். நீண்ட கம்பைத் தலைக்கு மேல் பிடித்துப் பகலெல்லாம் இழுத்த கை, மாலையில் புதிய கையாக இருக்காது. வேலை கடுமையாக இருந்த நாளில் கால் நகர்வுப் பயிற்சி மட்டும் செய்துவிட்டு வீட்டுக்குப் போவது சோம்பல் ஆகாது.

சிலம்பக் காலடி கைகொடுக்கும்

தோட்டப்புறங்களில் வளர்ந்த பிள்ளைகளுக்கு ஒரு நல்ல அடித்தளம் உண்டு. சிலம்பத்தில் கம்பைச் சுழற்றுவதோடு காலடியும் கற்றுத் தரப்படும். எந்த அடிக்கு எந்தக் கால், எவ்வளவு தூரம் என்பது பழகியவருக்கு உடலிலேயே ஊறியிருக்கும். சிலம்பத்தோடு சேர்ந்த வெறுங்கைக் கலையான குத்துவரிசையிலும் கால் நிலைதான் அடிப்படை. சிலம்பம் பழகிவிட்டுக் குத்துச்சண்டைக்கு வருகிறவர், காலடியை மறந்துவிட்டுக் கையை மட்டும் புதிதாகக் கற்றால் கையில் இருந்த முதலை இழந்தவராகிறார்.

2021இல் வெளிவந்த பா. இரஞ்சித்தின் ‘சார்பட்டா பரம்பரை’ படத்தில் இரசிகர்கள் இன்றும் பேசுவது டான்சிங் ரோஸ் பாத்திரத்தைப் பற்றித்தான். அந்தப் பாத்திரம் மனதில் நின்றது கையின் பலத்தாலா, கால் ஆட்டத்தாலா என்று யோசித்துப் பார்க்கலாம். 1975 ஜூலை 1இல் கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கில் ஜோ பக்னரை 15 சுற்றுகளில் வென்ற முகமது அலியின் புகழும் பாதி அவருடைய காலில்தான் இருந்தது. 1998 கோலாலம்பூர் காமன்வெல்த் போட்டியில் மலேசியாவுக்குத் தங்கம் வாங்கித் தந்த சரவாக்கின் சபோக் பிக்கி போட்டியிட்டது 48 கிலோ பிரிவில். சிறிய உடலோடு உச்சியைத் தொடலாம் என்பதற்கு நம் நாட்டிலேயே இருக்கும் சான்று அவர்.

சிறுவர்கள், பெண்கள் கவனத்திற்கு

பதின்ம வயதினரின் முழங்கையில் எலும்பு வளரும் பகுதிகள் இன்னும் மூடியிருக்காது. பெரியவர்களுக்குத் தசைநார் இழுபடும் இடத்தில், பிள்ளைகளுக்கு அந்த வளர்பகுதியே பாதிக்கப்படலாம். எனவே வளரும் வயதில் கனமான பையும் முழு பலக் குத்தும் வேண்டாம். காலடி, வடிவம், தற்காப்பு ஆகியவை போதும். பயிற்சிக்குப் பிறகு பிள்ளை ஒரு கையை மட்டும் மடக்கியே வைத்திருந்தால் பெற்றோர் அதைக் கவனிக்க வேண்டும்.

சிலருக்கு, குறிப்பாகப் பெண்களில் பலருக்கு, கையை நீட்டினால் நேர்கோட்டைத் தாண்டி முழங்கை இலேசாகப் பின்பக்கம் வளையும். இது நோய் இல்லை; பிறவி அமைப்பு. ஆனால் அப்படிப்பட்டவர்கள் குத்தை இன்னும் சற்று முன்னதாகவே நிறுத்தப் பழக வேண்டும். கண்ணாடி முன் கையை நீட்டிப் பார்த்தாலே இது தெரிந்துவிடும்.

வலி வந்துவிட்டால்?

அன்றைய பயிற்சியை அந்த இடத்திலேயே நிறுத்த வேண்டும். துணியில் சுற்றிய ஐஸை 15 முதல் 20 நிமிடம் வரை வைக்கலாம். இதை நாளில் சில முறை செய்யலாம். முதல் இரண்டு நாள்களில் சூடான எண்ணெய் தேய்த்து அழுத்திப் பிடிப்பதோ, சுளுக்கு எடுப்பதாகச் சொல்லிக் கையை வெடுக்கென்று இழுப்பதோ கூடாது. உள்ளே எலும்பு விரிசல் கண்டிருந்தால் இழுவை அதைப் பெரிதாக்கிவிடும்.

அடிபட்ட பிறகு கையை முழுதாக நீட்ட முடியவில்லை என்றால் எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பது அவசியம். முழங்கையின் வடிவம் மாறியிருந்தாலும், வீக்கம் வேகமாக ஏறினாலும் தாமதிக்காமல் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். சுண்டு விரலும் மோதிர விரலும் மரத்துப்போவது, முழங்கையின் உள்பக்கமாகச் செல்லும் நரம்பு பாதிக்கப்பட்டதன் அறிகுறி. கை அடிக்கடி பாதியில் சிக்கிக்கொள்வதும் மருத்துவரிடம் காட்ட வேண்டிய அறிகுறியே. அவசரமில்லாத வலிக்கு அருகிலுள்ள அரசாங்கச் சுகாதார கிளினிக்கில் காட்டினால், தேவைப்படும்போது ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனை போன்ற பெரிய மருத்துவமனைக்குக் கடிதம் எழுதித் தருவார்கள்.

வலி மாத்திரையைப் போட்டுக்கொண்டு பயிற்சிக்குப் போவது மிகவும் ஆபத்தான பழக்கம். வலி என்பது மூட்டு கொடுக்கும் எச்சரிக்கை மணி. மணியைக் கழற்றி வைத்துவிட்டால் தீ அணைந்துவிடாது.

கை வலியின்றி முழுதாக மடங்கி நீள வேண்டும். அடிபடாத கைக்குச் சமமான பலம் திரும்ப வேண்டும். அதன் பிறகே குத்துகளுக்குத் திரும்பலாம். அப்போதும் முதலில் ஷேடோ, பிறகு பேட், பிறகு பை, கடைசியாகத்தான் எதிராளி. அதுவரை காலுக்கு ஓய்வு தேவையில்லை. கயிறு தாண்டலாம், காலடி பழகலாம், இடுப்பைத் திருப்பும் பயிற்சி செய்யலாம். கை கட்டுப்பட்டிருந்த வாரங்களில் காலைப் பழக்கிக்கொண்டவர், திரும்பி வரும்போது முன்பைவிட வேகமாகக் குத்தினால் அதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. அவருடைய குத்து இப்போதுதான் சரியான இடத்திலிருந்து புறப்படுகிறது.